ஏற்றுமதி படுத்தால் தூத்துக்குடி ரோட்டில் லாரி குறையுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வலையங்குளத்தான்:

வணக்கம். மதுரையில் மண்டேலா நகர் ரவுண்டானாவைத் தாண்டி அருப்புக்கோட்டை போகிற நான்குவழிச் சாலையில், எலியார்பத்தி டோல்கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டை ஒட்டி எங்களுக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. மானாவாரி நிலம், கிணறும் வற்றிவிட்டது, சும்மாதான் கிடக்கிறது. அதில் டிரெய்லர் நிறுத்துகிற மாதிரி பார்க்கிங், பக்கத்தில் ஒரு மெஸ், ஒரு பஞ்சர் கடை போடலாம் என்று மச்சான் ஒற்றைக்காலில் நிற்கிறார். திருப்பூர், கரூர், திண்டுக்கல் சரக்கெல்லாம் இந்த வழியாகத்தான் ஹார்பருக்குப் போகிறது, ராத்திரி நின்று பார்த்தால் வண்டி ஓயவே ஓயாது என்பது அவர் வாதம்.

எனக்குத்தான் பயம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதிலிருந்து பேப்பரைத் திறந்தால் திருப்பூரில் ஆர்டர் இல்லை, இறால் ஏற்றுமதி படுத்துவிட்டது என்றுதான் வந்துகொண்டிருந்தது. ஆனால் அந்தச் சமயத்தில் ஒரு கல்யாணத்துக்காகத் தூத்துக்குடி போனபோது பைபாஸில் இரண்டு பக்கமும் டிரெய்லர் வரிசை கட்டி நிற்கிறது. வியாபாரம் படுத்திருந்தால் இத்தனை வண்டி எங்கிருந்து வந்தது? பேப்பர்காரன் சொல்வது பொய்யா, நான் பார்த்தது பொய்யா? 2008, 2020 எல்லாம் இந்த லைனில் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். லோன் போட்டுத்தான் இறங்க வேண்டும், அதனால் கேட்கிறேன்.

முத்துநகர் கிளார்க்:

தம்பி, இரண்டுமே பொய்யில்லை. நீங்கள் பார்த்தது நிற்கிற வண்டி. ஓடுகிற வண்டியை நீங்கள் பார்க்கவில்லை. நான் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் ரொம்ப வருடமாக இருக்கிறேன், ஹார்பர் ரோட்டில் வரிசை நீளமாக இருந்தால் சரக்கு அமோகம் என்று நினைக்கிற ஆள் இந்த ஊரிலேயே நிறைய உண்டு.

ஒரு ஏற்றுமதிப் பெட்டி எப்படிப் போகிறது என்று பாருங்கள். டிரெய்லர் இங்கே டெப்போவில் காலிப் பெட்டியை எடுக்கும், திருப்பூருக்கோ கரூருக்கோ காலியாகவே போகும், அங்கே பேக்டரியில் லோடு ஏற்றி சீல் வைத்துத் திரும்ப இங்கே வரும், கேட் திறந்ததும் டெர்மினலில் இறக்கும். ஆர்டர் நன்றாக ஓடும்போது இந்தச் சுற்று தடங்கல் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். படுக்கும்போது முதலில் என்ன நடக்கும் தெரியுமா, கப்பல் கம்பெனிக்காரன் தன் கப்பலை நிறுத்துவான். நம் பெட்டியெல்லாம் பெரும்பாலும் ஃபீடர் என்கிற சின்னக் கப்பலில் கொழும்பு போய், அங்கே பெரிய கப்பல் மாறுகிறது. வாரத்துக்கு இரண்டு முறை வர வேண்டிய ஃபீடர் ஒருமுறை வந்தால் போதும், இருக்கிற கொஞ்சப் பெட்டியும் காத்துக் கிடக்கும். புக்கிங் அடுத்த கப்பலுக்குத் தள்ளிப்போகும். லோடு வண்டி ரோட்டில் நிற்கும், லோடே கிடைக்காத வண்டி அதற்குப் பக்கத்தில் நிற்கும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இறக்குமதியில் இன்னொரு கூத்து. கையில் காசு புரளாத பார்ட்டி பெட்டியைச் சீக்கிரம் எடுக்க மாட்டான், ட்யூட்டி கட்டப் பணமில்லாமல் நாளைக் கடத்துவான். சி.எஃப்.எஸ். யார்டு, அதாவது பெட்டிகளை வைத்துப் பிரிக்கிற இடம், நிரம்பும். யார்டு நிரம்பினால் உள்ளே நுழைய வண்டிக்கு நேரமாகும். ஆக, சரக்கு குறைகிற நேரத்திலேயே நெரிசல் கூடுவதும் உண்டு.

இன்னொன்று, நீங்கள் வந்த தேதி. அந்த 50 சதவீதம் அமலுக்கு வந்தது ஆகஸ்ட் 27. அதற்கு முன் கப்பலில் ஏறி செப்டம்பர் 17-க்குள் அங்கே இறங்கிய சரக்குக்கு விலக்கு என்று இருந்ததால் அதற்கு முந்தைய வாரங்களில் எல்லோரும் முட்டி மோதி அனுப்பினார்கள். அந்தச் சமயத்துக் கல்யாணம் என்றால் நீங்கள் பார்த்தது அந்த அவசரமாகவும் இருக்கலாம்.

டன் கணக்கு:

எதற்கு இந்தப் பயம் எல்லாம். தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகம் 2024-25-இல் 4.17 கோடி டன் கையாண்டிருக்கிறது, 2020-21-க்குப் பிறகு அதுவரை வருடா வருடம் ஏறிக்கொண்டுதான் இருந்தது. 2008-09-இல் உலகமே கவிழ்ந்தபோது கூட இங்கே சுமார் 2.2 கோடி டன், அதற்கு அடுத்த வருடம் அதைவிட அதிகம். புதுக் கன்டெய்னர் டெர்மினல் 2024 செப்டம்பரில் திறந்தாயிற்று. தைரியமாகக் கடையைப் போடுங்கள் பாஸ்.

பழைய டாரஸ்காரன்:

டன் கணக்கு தம்பிக்கு, அந்தக் கோடி டன்னில் எவ்வளவு லாரி ஏறுகிறது என்று பிரித்துப் பார்த்தீர்களா? அதில் பெரிய பங்கு நிலக்கரி. அனல்மின் நிலையத்துக்குப் போகிற கரி ஜெட்டியிலிருந்து கன்வேயர் பெல்ட்டில் நேராகப் போகிறது, அதற்கு ஒரு லாரியும் வேண்டாம், ஒரு டிரைவரும் வேண்டாம், வலையங்குளத்தில் ஒரு பரோட்டாவும் விற்காது. நீங்கள் சொன்ன அதே 2008, 2009 காலத்தில் கன்டெய்னர் எண்ணிக்கை மட்டும் இருபதடிப் பெட்டிக் கணக்கில் சுமார் 4.4 லட்சத்திலேயே நின்றுவிட்டது, டன் மட்டும் ஏறியது. கரண்ட் தேவை மந்தத்திலும் பெரிதாகக் குறையாது, உரமும் மழையைப் பார்த்து வருமே தவிர அமெரிக்காவைப் பார்த்து வராது. பனியன், தீப்பெட்டி, கைத்தறி விரிப்பு, கயிறு, இறால், இதெல்லாம்தான் வெளிநாட்டுக்காரன் பர்ஸைப் பார்த்துப் போகிற சரக்கு. துறைமுகத்தின் மொத்தக் கணக்கு நன்றாக இருப்பதும் லாரிக்காரன் வயிறு நிறைவதும் ஒன்றில்லை.

நான் சொந்த வண்டி வைத்து ஓட்டியவன். அனுபவத்தில் சொல்கிறேன், லாரியை நிறுத்தியது எப்போதும் மந்தம் மட்டும் இல்லை. மேலூர் பக்கம் கிரானைட் கல் ஏற்றி டிரெய்லர் டிரெய்லராக ஹார்பருக்குப் போன காலம் உங்களுக்கு நினைவிருக்கும். 2012-இல் முறைகேடு வெளியே வந்து குவாரிகளை மூடினார்கள், அத்தோடு அந்த லோடு நின்றது. உலகப் பொருளாதாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதற்கு முந்தின வருடம் ஜனவரியில் கோர்ட் உத்தரவில் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடின, பனியன் லோடு ஆட்டம் கண்டது. 2018 மே மாதம் தூத்துக்குடியில் தாமிர ஆலை மூடியது, அதற்கு வருகிற தாது, அங்கிருந்து போகிற ஆசிட் எல்லாவற்றையும் நம்பியிருந்த வண்டிகள் ரோட்டுக்கு வந்தன. ஆலையை மூடியது சரியா தப்பா என்று இங்கே யாரும் ஆரம்பிக்க வேண்டாம், நான் லோடு பற்றி மட்டும் பேசுகிறேன்.

அதே 2018 ஜூலையில் மத்திய அரசு ஆக்ஸில் லோடு வரம்பை ஏற்றியது. பத்துச் சக்கர வண்டியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன். அதாவது ஆறு வண்டி அடித்த சரக்கை ஐந்து வண்டி அடிக்கும், ஆறாவது வண்டிக்காரன் என்ன செய்வான்? அந்த நேரம் பார்த்து வியாபாரமும் இறங்கியது. 2019-இல் புது லாரி விற்பனை படுத்துவிட்டது என்று எல்லா டி.வி.யிலும் பேசினார்கள். வாடகை இறங்கிவிட்டது, பைனான்ஸ்காரனுக்கு ட்யூ இறங்கவில்லை. நான் வண்டியைக் கொடுத்தது அப்போதுதான், பெயரெல்லாம் வேண்டாம், ட்யூ தவறிய மறு வாரமே வீட்டு வாசலில் ஆள் நின்றது.

மந்தம் வந்தால் லாரி காணாமல் போகாது தம்பி. வண்டி இருக்கும், ஆனால் மாதத்துக்கு அடிக்கிற நடை குறையும். ரிட்டர்ன் லோடுக்கு இரண்டு நாள் மூன்று நாள் புரோக்கர் ஆபீஸில் குந்தியிருக்க வேண்டும். அதில் கொடுமை, போய்த் திரும்ப 24 மணி நேரத்துக்குள் டோலைத் தாண்டினால் வருகிற சலுகையும் போய்விடும், இரண்டு பக்கமும் முழுக் கட்டணம். காலியாகப் போனாலும் டோல் அதேதான், அவன் ஆக்ஸிலைத்தான் எண்ணுவான், உள்ளே சரக்கு இருக்கிறதா என்று பார்க்க மாட்டான்.

கப்பலூர் ரீட்ரெட்:

பழைய டாரஸ்காரன் அண்ணன் சொன்னதற்கு ஒரு ஒட்டு. நான் டயர் லைன். வியாபாரம் படுக்கும்போது எங்களுக்கு வேலை கூடும், ஏனென்றால் புது டயர் வாங்க வேண்டியவன் பழையதற்கே மேல் ரப்பர் கட்டை ஒட்டி ஓட்டுவான். ஆனால் கடன் சொல்வான். பஞ்சர் கடை போடுகிறவர் இதையும் கணக்கில் வையுங்கள்.

தெப்பக்குளம் ஆராய்ச்சி:

நான் படிப்பது போக்குவரத்துத் திட்டமிடல், அதனால் வெளியூர் உதாரணம் ஒன்று சொல்கிறேன். துறைமுகமும் மந்தமும் என்றால் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் இரட்டைத் துறைமுகத்தைத்தான் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். 2007-இல் இரண்டும் சேர்ந்து இருபதடிக் கணக்கில் சுமார் 1.57 கோடி பெட்டி, 2009-இல் சுமார் 1.18 கோடி. நான்கில் ஒரு பங்கு போய்விட்டது. 710 என்கிற நெடுஞ்சாலை அந்தத் துறைமுகத்திலிருந்துதான் கிளம்புகிறது, வருடக்கணக்கில் டிரக் நெரிசலுக்குப் பேர் போனது. அந்த ஒன்றரை இரண்டு வருடத்தில் அங்கே நெரிசலும் புகையும் குறைந்தன. ஆனால் 2008 அக்டோபரில்தான் பழைய டிரக்குகளை உள்ளே விடக்கூடாது என்ற சுத்த டிரக் திட்டத்தையும் அந்தத் துறைமுகங்கள் தொடங்கின. எனவே புகை குறைந்ததில் மந்தத்துக்கு எவ்வளவு, திட்டத்துக்கு எவ்வளவு என்று பிரிப்பதே பெரிய வேலை.

நமக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது, மந்தம் எல்லா ரோட்டையும் ஒரே நேரத்தில் தொடுவதில்லை. முதலில் கப்பல் வாடகை விழும். பால்டிக் டிரை இண்டெக்ஸ் என்று ஒன்று, கரி, தாது, தானியம் ஏற்றுகிற கப்பல்களின் வாடகைக் குறியீடு, 2008 மே மாதம் 11,793 இருந்தது, டிசம்பரில் 663. அதே நேரத்தில் பெட்டிச் சரக்கு அந்த வேகத்தில் விழவில்லை, ஏனென்றால் கடைக்காரன் மூன்று நான்கு மாதம் முன்பே ஆர்டர் கொடுத்த சரக்கு வந்துகொண்டே இருக்கும். அது வந்து குடோனில் தேங்கி, விற்காமல் கிடந்து, அப்புறம்தான் அடுத்த ஆர்டரை நிறுத்துவான். திருப்பூரில் தையல் மெஷின் நிற்பதற்கும் மதுரை ரிங் ரோட்டில் டிரெய்லர் குறைவதற்கும் நடுவில் இப்படி ஒரு இடைவெளி இருக்கும். செய்தி வந்த வாரமே ரோட்டில் போய் எண்ணினால் ஒன்றும் தெரியாது.

வரி விஷயத்தில் இன்னும் குழப்பம். 2025 மே மாதம் சீனா மீதான வரியால் லாஸ் ஏஞ்சலஸில் சரக்கு இறங்கியது, ஜூலையில் அதே துறைமுகம் 10.2 லட்சம் பெட்டி கையாண்டு தன் வரலாற்றிலேயே பெரிய மாதம் என்றது. கெடு வருவதற்கு முன் எல்லோரும் அள்ளிக்கொண்டார்கள், அவ்வளவுதான். கிளார்க் சார் சொன்ன ஆகஸ்ட் அவசரமும் இதே ஜாதி.

கொரோனா காலத்தை மட்டும் எதற்கும் அளவாக வைக்காதீர்கள். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கில் எல்லாம் நின்றது, அடுத்த வருடமே பெட்டி கிடைக்காமல் ஏற்றுமதியாளர்கள் அலைந்தார்கள், 2022 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் கடலில் நூற்றுக்கு மேல் கப்பல் வரிசையில் நின்றது. படுத்ததும் எழுந்ததும் அப்படி இன்னொரு முறை நடக்கும் என்று நான் நினைக்கவில்லை.

புக்கிங் ஆபீஸ் அக்கா:

எல்லாரும் உலகம் சுற்றிவிட்டு வந்தாச்சா? அந்தத் தம்பி கேட்டது மெஸ் போடலாமா என்று.

நான் மதுரையில் ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். டிரைவருக்குப் பேட்டா கொடுப்பது என் கைதான். லோடு குறைகிற மாதங்களில் ஓனர் முதலில் கை வைப்பது டிரைவர் பேட்டாவில், அடுத்தது கிளீனரில். முன்பெல்லாம் வண்டிக்கு இரண்டு பேர், இப்போது பெரும்பாலும் ஒற்றை ஆள். ஒரு வண்டி நின்றால் இரண்டு சாப்பாடு என்று உங்கள் மச்சான் கணக்குப் போட்டிருந்தால் அதைப் பாதியாக்கச் சொல்லுங்கள். கை இறுக்கமான மாதத்தில் டிரைவர்கள் அடுப்பைப் பற்றவைத்து வண்டி ஓரத்திலேயே பொங்கிக்கொள்வார்கள், அவர்களுக்கு உங்களிடம் வேண்டியது தண்ணீர், கக்கூஸ், வெளிச்சம். டீசல் திருடு போகாத இடம் என்று பேர் வாங்கிவிட்டால் தானாக வண்டி வரும், பரோட்டா அப்புறம்.

அப்புறம் ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. வண்டி நிற்பது ஹார்பர் பக்கத்தில். சீல் வைத்த லோடு வண்டி கப்பலுக்குக் காத்திருந்தால் அது தூத்துக்குடியில்தான் காத்திருக்கும், நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வலையங்குளத்தில் வந்து காத்திருக்காது. லோடு இல்லாத வண்டி ஓனர் ஊரில் நிற்கும், அல்லது புரோக்கர் ஆபீஸ் வாசலில். உங்கள் இடத்துக்கு வருவது ஓடுகிற வண்டி மட்டும். திருப்பூரில் சாயங்காலம் லோடு ஏற்றிக் கிளம்புகிறவன் பத்து, பதினொரு மணிக்கு மதுரையைத் தாண்டுவான், விடியற்காலை ஹார்பர் போய்விடலாம் என்ற கணக்கில். அவன் உங்களிடம் அரை மணி நேரம் நிற்பான், சாப்பிடுவான், போவான். ராத்திரி முழுக்கப் பார்க்கிங் காசு கொடுக்கிற ஆள் அவன் இல்லை. தூத்துக்குடி பைபாஸ் வரிசையைப் பார்த்து இங்கே பார்க்கிங் கணக்குப் போடுவது சரியாக வராது.

வலையங்குளத்தான்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா சொன்னது மண்டையில் அடித்த மாதிரி இருந்தது, நான் பைபாஸில் பார்த்ததை வைத்துத்தான் மச்சானிடம் பாதி ஒத்துக்கொண்டேன். ஒரே ஒரு சந்தேகம். வியாபாரம் எப்படி இருக்கிறது என்று இங்கே ரோட்டில் நின்றே கண்டுபிடிக்க ஏதாவது வழி உண்டா? எங்கள் இடம் தூத்துக்குடி போகிற பக்கம் இருக்கிறது, வருகிற பக்கம் இல்லை.

முத்துநகர் கிளார்க்:

உண்டு. வண்டியை மொத்தமாக எண்ணாதீர்கள், கன்டெய்னர் டிரெய்லரை மட்டும் எண்ணுங்கள், அதிலும் தெற்கே போகிறதில் பெட்டி இருக்கிறதா, வெறும் சட்டம் போகிறதா என்று பாருங்கள். லோடு பெட்டியா காலிப் பெட்டியா என்பது வண்டி மேட்டில் ஏறுகிற வேகத்திலேயே தெரிந்துவிடும், கதவில் சீல் தொங்குகிறதா என்றும் பார்க்கலாம். ஏற்றுமதி நன்றாக இருந்தால் வடக்கே போவதில் காலிப் பெட்டி அதிகம், தெற்கே வருவதில் லோடு அதிகம். 2025 ஆகஸ்ட் 19-இலிருந்து டிசம்பர் 31 வரை பருத்திக்கு இறக்குமதி வரி கிடையாது என்று இருந்தது இல்லையா, அந்த மாதிரிச் சமயத்தில் இது தலைகீழாகும். பஞ்சு லோடு வடக்கே மில்லுக்குப் போகும், காலி தெற்கே வரும். வண்டி எண்ணிக்கை கிட்டத்தட்ட அதேதான் இருக்கும், ஆனால் பனியன்காரன் அழுதுகொண்டிருப்பான். மழைக்காலத்தில் எண்ணாதீர்கள், உப்பு லோடு அப்போது இயல்பாகவே குறைவு. 2023 டிசம்பர் வெள்ளம் மாதிரி வந்தால் எந்தக் கணக்கும் செல்லாது.

பழைய டாரஸ்காரன்:

தூத்துக்குடி போகிற பக்கம் என்றால் பாதி நல்லது, பாதி கெட்டது. லோடு வண்டி நிற்கும். ஆனால் மதுரை பக்கம் திரும்பி வருகிறவன் அந்த நீள டிரெய்லரை வைத்துக்கொண்டு யு-டர்ன் அடித்து உங்கள் சாப்பாட்டுக்கு வர மாட்டான். மீடியன் திறப்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? சர்வீஸ் ரோடு உண்டா? அதைப் பாருங்கள் முதலில். நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே இறங்க வழி போடவும் முறைப்படி அனுமதி வாங்க வேண்டும், வாங்காமல் கடையைப் போட்டுவிட்டு அப்புறம் ஜே.சி.பி. வந்து நிற்பதை நிறையப் பார்த்தாயிற்று.

டன் கணக்கு:

நிலக்கரி பாயின்ட் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் நான் உங்கள் மச்சான் கட்சிதான். பார்க்கிங் வேண்டாம், மெஸ் போடுங்கள்.

புக்கிங் ஆபீஸ் அக்கா:

மெஸ் போட்டால் மதுரைக்காரர்கள் காரிலேயே வந்து சாப்பிடுகிற மாதிரிப் போடுங்கள். அருப்புக்கோட்டை, எட்டயபுரம், திருச்செந்தூர் போகிற குடும்பங்கள் எல்லாம் அதே ரோட்டில்தான் போகின்றன, அமெரிக்காவில் எந்த வரி போட்டாலும் திருச்செந்தூர் கூட்டம் குறையாது. லாரிக்குத் தண்ணீர்க் குழாயும் கக்கூஸும் தனியாகப் பின்பக்கம். லோன் கணக்கை மட்டும் டிரெய்லரை நம்பிப் போடாதீர்கள். கிணறு வற்றிவிட்டது என்றீர்களே, தண்ணீருக்கு என்ன ஏற்பாடு?

வலையங்குளத்தான்:

போர் போட வேண்டும் அக்கா. ஆழம் எவ்வளவு போகும் என்று ஆள் வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மீடியன் திறப்பு அரை கிலோமீட்டரில் இருக்கிறது, சர்வீஸ் ரோடு இல்லை. மச்சானிடம் இந்தப் பக்கத்தை அப்படியே காட்டப்போகிறேன்.